டேங்குக்குள் பெரிய பம்ப்: செய்ய வேண்டியதும் கூடாததும்

திருச்செங்கோட்டில் பம்ப் என்றால் போர்வெல் போடும் ரிக் வண்டியின் டீசல் பம்ப்தான் முதலில் நினைவுக்கு வரும். கம்ப்ரஸர் இன்ஜினைப் பிரித்துக் கோக்கும் கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் ரீமேப் செய்த டர்போ பெட்ரோல் காரில் டேங்க் பம்பை மாற்ற வேண்டும் என்றால், டீசல் பழக்கத்தைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் கணக்குப் போடுங்கள். 300 குதிரைத்திறன் தரும் டர்போ இன்ஜின், முழு ஆக்ஸிலேட்டரில் மணிக்குச் சுமார் 110 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இ20 பெட்ரோலுக்கு ஆறேழு சதவீதம் கூடும். அதற்கு மேல் 20 சதவீதம் கையிருப்பு வைத்தாலும் 140 லிட்டர் பக்கம்தான் வரும். 200 குதிரைத்திறன் காருக்கு 450 லிட்டர் பம்ப் வாங்குவது வெட்டிச் செலவு. பெட்டியில் அச்சிட்ட லிட்டர் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் வோல்ட்டேஜுக்கும் உரியது. பூஸ்ட் ஏறினாலும் வோல்ட் இறங்கினாலும் அந்த அளவு குறையும்.

வயரைப் பாருங்கள். பெரிய பம்ப் அதிகக் கரன்ட் இழுக்கும். பழைய மெல்லிய வயர் சூடாகி, பம்புக்குப் போக வேண்டிய வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே என்று தனி லைன் இழுங்கள். பம்பின் வேகத்தைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் கார்களில் மட்டும் இந்த வேலையை ட்யூனரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பின் சீட்டைத் தூக்கினால் டேங்க் மூடி மேல் செம்மண் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதைக் காற்றடித்து, ஈரத்துணியால் துடைத்த பிறகே வளையத்தைக் கழற்றுங்கள். அதற்கு முன்பே பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மூடியின் ரப்பர் சீல், பம்பின் வடிகட்டிப் பை இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது டேங்கைத் திறக்காதீர்கள். டீசல் சட்டென்று பற்றாது; பெட்ரோல் ஆவி பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து சர்வீஸ் பள்ளத்தில் தேங்கும். ரிக் கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கு இதுதான் முதல் விதி. திறந்த வெளி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான்.

கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஓஸை டேங்குக்குள் போடவே போடாதீர்கள். அது உள்ளே பெட்ரோல் ஓடத்தான் செய்யப்பட்டது, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க அல்ல. வெளித்தோல் ஊறிப் பொத்துப்போகும். மூழ்கும் ஓஸுக்கு 30ஆர்10 என்று தனித் தரம் இருக்கிறது, விலை அதிகம்தான்.

வால்ப்ரோ 255 என்ற பெயரில் போலி பம்ப்கள் நிறைய. பாதி விலை என்றால் வாங்காதீர்கள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் டேங்க் பம்பை மாற்றினாலே போதும் என்று நம்பாதீர்கள். இன்ஜின் மேல் இருக்கும் ஹை பிரஷர் பம்ப்தான் அங்கே எஜமான். பழைய ரெகுலேட்டரும் பெரிய பம்பின் வரத்தைத் தாங்காமல் போகலாம். அப்போது ஐடிலிங்கிலேயே அழுத்தம் எகிறும்.

கால் டேங்க் பெட்ரோலோடு விரட்டாதீர்கள். பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி தனி.

சங்ககிரி பைபாஸில் சோதிக்காதீர்கள். கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் இருக்கிறது. ட்ராக் டே அன்று பெட்ரோல் பிரஷர் கேஜோடு போங்கள். பூஸ்ட் ஏறும்போது முள் இறங்கினால் உடனே காலை எடுங்கள். பெட்ரோல் குறைந்து ஓடும் டர்போ இன்ஜினில் பிஸ்டன் உருகச் சில நொடிகள் போதும்.