கைக்கு வேலை, நாவுக்குச் செபம்

மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் 1943 ஆகஸ்டில் கைது செய்தபோது சிபில் கார்த்திகேசுவுக்கு 44 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவர்மீது சொன்ன குற்றங்களில் முக்கியமானவை இரண்டு. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து இறங்கி வந்த கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்தார். தடை செய்யப்பட்ட வானொலியில் பிபிசி கேட்டார். இரண்டுமே உண்மை.

தமிழ்ப் பெயரைப் பார்த்து அவரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாடுவோர் உண்டு. பாதிதான் சரி. 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடானில், யுரேஷியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாதியும் மருத்துவச்சியுமாகப் பயிற்சி பெற்றவர், கான்டனீஸ் சரளமாகப் பேசுவார். தமிழர் அவருடைய கணவர்தான். தைப்பிங்கில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கரான பிறகு 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புனித யோவான் ஆலயத்தில் சிபிலை மணந்த டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. பேராக்கின் ஈப்போவில் பிரூஸ்டர் சாலை, 141ஆம் எண் கட்டடத்தில் 1926 முதல் ஜப்பானியர் வரும்வரை இருவரும் கிளினிக் நடத்தினார்கள். இன்று அந்தச் சாலைக்குப் பெயர் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா.

சிபிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேரே சித்திரவதைக்குப் போய்விடுகிறார்கள். அவருடைய நம்பிக்கை எங்கே வேர் பிடித்தது என்று தெரிய, கால் நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1919 ஆகஸ்டில் பிறந்த முதல் குழந்தை மைக்கேல் 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். முதலாம் உலகப் போரில், 1915இல், கலிப்போலியில் மாண்ட தம் அண்ணனின் பெயரைத்தான் சிபில் அவனுக்கு வைத்திருந்தார். ஒரே பெயரில் இரண்டு சாவு. அப்போது சிபிலின் தாயார் ஒரு யோசனை சொன்னார். தாமே பிரசவம் பார்த்து எடுத்த, கோலாலம்பூரில் தங்கள் புடு வீட்டிலேயே வளர்ந்துவந்த வில்லியம் பிள்ளை என்ற பையனைத் தத்தெடுத்துக்கொள் என்றார். அப்போது வில்லியமுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. சிபில் எடுத்துக்கொண்டார். துக்கப்படாதே, கடவுள் சித்தம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், பால் கேட்டு அழும் ஒரு பிள்ளையை மகளின் கையில் கொடுத்த அந்தத் தாய்க்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருந்தது. துக்க வீட்டுக்குப் போகிற நம் செபக் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

1941 டிசம்பரில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு குடும்பம் பாப்பானுக்கு நகர்ந்தது. ஈப்போவிலிருந்து லாஹாட் வழியாகப் பூசிங் போகும் சாலையை ஒட்டிய பழைய ஈயப் பட்டணம் அது. பெரும்பாலும் சீனர்கள். டாக்டருக்கு அவர்கள் ஹக்கா மொழியில் செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். மெயின் ஸ்திரீட் 74ஆம் எண் கடைவீட்டில் பகலில் ஊராருக்கு மருத்துவம் நடந்தது. இரவில் கெரில்லாக்கள் பின்பக்கமாக வந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்த வானொலிக்கு வீட்டார் இட்ட பெயர் ஜோசப்பின். பெயர் சொல்லிப் பேசினால் வெளியாளுக்கு விளங்காது அல்லவா!

அந்த வானொலி எனக்கு முக்கியமாகப் படுகிறது. செபமாலை சொல்லும் வீட்டில் செய்திக்கு என்ன வேலை? ஜப்பானியர் பரப்பிய செய்திகளை மட்டும் கேட்டவர்களுக்குப் போர் முடிந்துபோன கதை. சிபிலோ தினமும் உண்மை நிலவரத்தைத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை நம்பகமானவர்களிடம் சொன்னார். ‘எல்லாம் நல்லதே நடக்கும்’ என்று கண்ணை மூடிக்கொள்வதற்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லை. வேலை போய்விட்டதா, கடன் எவ்வளவு, ஸ்கேனில் என்ன வந்தது என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு செபத்தில் உட்காருங்கள். எதைக் கேட்கிறோம் என்று நமக்கே அப்போதுதான் தெரியும்.

பிடிபட்ட பின் நடந்தவற்றை விரித்து எழுத மனம் வரவில்லை. அடி, நீர் சித்திரவதை, பத்து காஜா சிறை. யோஷிமுரா என்ற சார்ஜன்ட், சிபிலின் இளைய மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினான். பேசவேண்டாம் என்று அந்தச் சிறுமியே தாயிடம் சொன்னாள். சிபில் வாய் திறக்கவில்லை. ஓர் அதிகாரி தலையிட்டதால் பிள்ளை தப்பினாள். இதைப் புதுமை என்று பிரசங்கம் வைக்கலாம். ஆனால் அதே பத்து காஜா சிறையில் 1944 ஜூனில் பிரிட்டிஷாரின் ஃபோர்ஸ் 136 படையின் உளவுத் தலைவர்களில் ஒருவரான லிம் போ செங் மாண்டார். அவருக்காக யாரும் தலையிடவில்லை. விடுதலை கிடைத்தபோது சிபிலால் எழுந்து நடக்க முடியவில்லை. சிகிச்சைக்குப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12ஆம் தேதி, பட்ட காயங்களின் விளைவாகவே அங்கு இறந்தார். 48 வயது. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் புதைத்த உடல் 1949இல் ஈப்போவுக்கு வந்து புனித மிக்கேல் ஆலயத்தின் அருகே அடக்கமானது.

ஆகவே, ‘விசுவாசித்தால் தப்பிக்கலாம்’ என்ற கணக்கு இங்கே உதவாது. விவிலியமே அப்படிக் கணக்குப் போடவில்லை. 88ஆம் திருப்பாடல் ஒரு நல்ல வார்த்தையும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. பொறுக்க முடியாத வாரங்களில் நன்றிப் பாடல்களை வலிந்து பாடுவதைவிட, அந்தப் பாடலை எடுத்து மெதுவாக, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கடவுளிடம் கோபித்துக்கொள்ள அனுமதி உண்டு என்று தெரிந்தாலே மூச்சு கொஞ்சம் சீராகும்.

சிபில் கைதான அதே 1943இல், ஏப்ரலில், பெர்லினின் டேகல் சிறைக்குப் போனவர் லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். அங்கே திருப்பாடல் வாசிப்பு, உடற்பயிற்சி, படிப்பு, எழுத்து என்று நாளை ஒழுங்குபடுத்திக்கொண்டார். 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்டார். இருவரிடமும் தெரிவது ஒன்றுதான். நெருக்கடி வந்த பிறகு புதிதாகச் செபிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, ஏற்கெனவே வாயில் ஊறியிருந்த செபம் அங்கே கைகொடுத்தது.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். 1880களிலேயே பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே, பாகான் செராய் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றிச் சூசைப்பாளையத்தை உண்டாக்கினார்.  ரப்பர்த் தோட்டங்களில் அப்படித் தனிக் கத்தோலிக்க ஊர் கிடையாது. பாதிரியார் என்றைக்கோ ஒருநாள் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்குக்கு ஓடி, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பால் மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் மணிகளை எண்ணவே மாட்டார். பால் கறை படிந்த விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுப் பத்து சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு வார்த்தை பிசகாது. சயாம் மரண ரயில்பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனபோது, பின்னால் எஞ்சிய வீடுகளைத் தாங்கியது இந்த மாலை நேரக் கூட்டம்தான் என்று அவர் சொல்வார்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாயின, லயங்கள் இடிந்தன. மக்கள் ஈப்போவின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். போனது வீடு மட்டுமில்லை, கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தக் கூட்டமும்தான். சிலிபின் லூர்து மாதா ஆலயத் திருவிழாவில் ஆண்டுக்கொருமுறை பழைய தோட்டத்து முகங்களைப் பார்த்துக் கண்ணீர் விடுவது போதாது. வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, வீடு மாற்றி வீடு, நான்கு குடும்பங்கள் கூடினாலே போதும். இருபது நிமிடச் செபம், அப்புறம் தேநீர். தேநீரின்போதுதான் யாருக்கு வாடகை பாக்கி, யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். வந்தால், ‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவிடலாம், பாத்திரம் கழுவித் தரலாம், மருத்துவமனை வரிசையில் கூட நிற்கலாம்.

இன்னொன்று. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், உயிரே வேண்டாம் என்ற பேச்சு வந்தால், செபத்தோடு கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். ஈப்போவிலும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி உதவி இருக்கிறது. மருந்து எடுத்தால் விசுவாசம் குறைவு என்று ஆலய வளாகத்தில் யாராவது சொன்னால், கார்த்திகேசு தம்பதி வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர்கள் என்று ஞாபகப்படுத்துங்கள்.