பெரட்டு நேரமும் சர்வர் நேரமும்

பகாவ், கிம்மாஸ், தம்பின் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் தொழில். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையில் ஆண்ட்ராய்டு போன், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மேசையில் கணினி, இரண்டுக்கும் நடுவே லாராவெல்லில் எழுதிய ஒரு சர்வர். போனில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து சர்வருக்குத் தகவல் அனுப்பவும் பதில் வாங்கவும் ஆக்சியோஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் ஜேகுவெரி. இரண்டையும் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். தோட்டத்தில் ஓட வைப்பதற்குத்தான் வேறு சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அனுப்பப்படுவது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பழம் வெட்டுகிறவர் குலைகளைப் பாதையோரம் கொண்டுவந்து அடுக்கி, காம்பின் வெட்டுவாயில் தன் எண்ணை எழுதிவைப்பார். மண்டோர் வந்து எண்ணுவார்: பழுத்தது எத்தனை, காயாக வெட்டியது எத்தனை, காம்பு நீளமாக விட்டது எத்தனை, உதிரிப்பழம் எத்தனை மூட்டை. லாரி மொத்தமாகத்தான் எடைமேடை ஏறும். அதனால் தனி ஆளின் சம்பளத்துக்கு, அவருடைய குலை எண்ணிக்கையை அவர் வெட்டிய புளோக்கின் (தோட்டப் பகுதியின்) சராசரிக் குலை எடையால் பெருக்குவார்கள். முன்பு மண்டோரின் சிட்டுப் புத்தகம் சாயங்காலம் ஆபீசுக்கு வரும், கிராணி அதைச் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் ஏற்றுவார். இப்போது அந்தச் சிட்டு ஒரு ஜேசன் துண்டாகக் காற்றில் போகிறது. அது இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கு இரட்டைக் கூலி. சேராமலே போனால் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒருவரின் ஒரு நாள் உழைப்பு காணாமல் போகும். கேட்டுச் சண்டை போடப் பலருக்கு மொழியும் இருக்காது.

ஆக்சியோஸுக்கும் ஜேகுவெரிக்கும் அடித்தளமான முறை, அதாவது இணையப் பக்கம் தானாகச் சர்வரோடு பேசுவது, மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் வேலைக்காகப் பிறந்து, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5உடன் வெளிவந்தது. ஜான் ரெசிக்கின் ஜேகுவெரி 2006இல் வந்து அதை எல்லோருக்கும் எளிதாக்கியது. இரண்டுமே கம்பி இணைப்பு உள்ள மேசைக் கணினிக் காலத்துப் பிள்ளைகள். எதிர்முனை எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை அவற்றின் வழிவந்த லைப்ரரிகளின் இயல்புநிலை அமைப்புகளிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக்சியோஸில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு சுழியம். அதாவது, பதில் வரும்வரை அது தானாகக் கைவிடாது. ஜேகுவெரியிலும் அப்படியே. பள்ளத்து புளோக்கில் நின்று பொத்தானை அழுத்திய மண்டோர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். 2021 கடைசியில் நாடு முழுக்க 3ஜி நிறுத்தப்பட்ட பிறகு, 4ஜி வாங்காத பழைய போன்கள் 2ஜிக்கு இறங்கின. மேட்டில் ஏறினால்தான் சிக்னல் என்ற புளோக்குகள் இன்றும் உண்டு. டைம்அவுட்டை நீங்களேதான் எழுத வேண்டும். குலை எண்ணிக்கை போன்ற சின்னத் தகவலுக்கு நான் 15 விநாடி வைக்கிறேன், படம் சேர்ந்தால் ஒரு நிமிடம்.

டைம்அவுட் வந்துவிட்டது. இப்போது அந்தப் பதிவு சேர்ந்ததா, சேரவில்லையா? தெரியாது என்பதுதான் சரியான பதில். இந்த இடத்தில் பல புரோகிராமர்கள் சறுக்குவதைப் பார்க்கிறேன். ஆக்சியோஸ் பிழையைக் கையில் கொடுக்கும்போது, அதற்குள் சர்வரின் பதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதில் இருந்தால் கோரிக்கை சர்வரை எட்டியிருக்கிறது, மறுத்த காரணமும் பெரும்பாலும் அதற்குள் இருக்கும். பதில் இல்லாமல் கோரிக்கை மட்டும் இருந்தால், அனுப்பும் முயற்சி நடந்தது, ஆனால் எந்த இடத்தில் அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. சர்வர் பதிவைச் சேமித்த பிறகு திரும்பும் வழியில் பதில் தொலைந்திருக்கலாம். கோரிக்கையும் இல்லை என்றால், அது புறப்படவே இல்லை. மூன்றையும் ஒரே ‘தோல்வி’ என்ற பெட்டியில் போட்டு, மறுபடி அனுப்பு என்று எழுதினால் இரட்டைக் கூலி அங்கேதான் பிறக்கிறது. (லைப்ரரி வேண்டாம், பிரவுசரின் சொந்த ஃபெட்ச் போதும் என்பவர்களுக்கு ஒன்று: சர்வர் 500 என்று அலறினாலும் ஃபெட்ச் அதைப் பிழையாகச் சொல்லாது. நிலை எண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.)

மருந்து எளிது. மண்டோர் ‘சேமி’ அழுத்தும் அந்த நொடியில், போனிலேயே பதிவுக்கு ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, பதிவோடு சேர்த்து போனின் இண்டெக்ஸ்டுடிபியில் வைத்துவிடுங்கள். அனுப்புவது அதன் பிறகுதான். எத்தனை முறை அனுப்பினாலும் எண் மாறக்கூடாது. சர்வரின் அட்டவணையில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாம் முறை வந்தால் சர்வர் கோபப்படாமல், முதல் முறை சொன்ன அதே ‘கிடைத்தது’ பதிலைச் சொல்ல வேண்டும். பதிவுகளைக் கட்டாக அனுப்பினால் கட்டு முழுவதற்கும் ஒரே பதில் சொல்லாமல், எந்த எண் ஏற்கப்பட்டது, எது ஏன் மறுக்கப்பட்டது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சர்வர் பெயர் சொல்லி ஏற்ற பதிவை மட்டுமே போனிலிருந்து நீக்கலாம். இன்னொரு நுணுக்கம்: இந்த எண்ணை உருவாக்கும் பிரவுசரின் சொந்த வசதி எச்டிடிபிஎஸ் பக்கங்களில்தான் கிடைக்கும். ஆபீஸ் கணினியையே சர்வராக்கி, வைஃபையில் வெறும் எச்டிடிபியில் ஓட்டுகிற தோட்டங்களில் அது இருக்காது.

இனி நேரத்துக்கு வருகிறேன். இந்த நாட்டிலும் இந்தத் தொழிலிலும் குறிப்பாகக் கடிக்கும் சிக்கல் இது.

ஜெம்போல் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில், வேறொருவர் எழுதிக்கொடுத்த வருகைப் பதிவு மென்பொருளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கிராணி திரையைத் திருப்பிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், ஆனால் எல்லோரும் வேலைக்கு வந்ததாக இருந்தது. சனிக்கிழமை ஒருவருமே வரவில்லை. அதே சனிக்கிழமை, வராத ஆட்கள் வெட்டிய குலைகள் மட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. “தம்பி, ஆளே வராம குலை எப்படி வெட்டுச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பெரட்டு, அதாவது வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டுப் பதிவது, காலை ஆறு மணிக்கு, இருட்டில். மலேசிய நேரம் உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால். ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதியை ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக மாற்றும் வழக்கமான கட்டளை பொதுநேரத்தில்தான் எழுதும். அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி ‘இன்றைய தேதி’ என்று சர்வருக்கு அனுப்பினால், காலை 8 மணிக்கு முன் எடுத்த பெரட்டு எல்லாம் முந்தின நாளில் விழும். எட்டுக்குப் பிறகு எண்ணும் குலைகள் சரியான நாளில் விழும். ஊரில் பத்து மணிக்குக் கடை திறப்பவருக்கு எழுதிய மென்பொருளில் இது ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. தோட்டத்தில் தினமும் நடக்கும். திங்கட்கிழமைப் பெரட்டு ஓய்வு நாள் வேலையாகிவிடும், முதல் தேதிப் பெரட்டு மூடிவிட்ட போன மாதக் கணக்குக்குள் போய்விடும். பொது விடுமுறையில் வேலைக்கு வந்தவரின் கூடுதல் சம்பளம் அடிபடும்.

அதனால் நான் தேதியையும் நேரத்தையும் தனித்தனியாக அனுப்புகிறேன். ‘வேலை நாள்’ என்பது போனின் உள்ளூர் நேரப்படி எடுத்த ஆண்டு, மாதம், நாள் கொண்ட வெறும் எழுத்துச்சரம். அதைச் சர்வர் எந்த மண்டல நேரத்துக்கும் மாற்றக்கூடாது. ‘பதிந்த கணம்’ என்பது பொதுநேரத்தில். லாராவெல்லின் இயல்பு நேர மண்டலமும் பொதுநேரம்தான் என்பதால், சர்வர் பக்கத்தில் ‘இன்று’ என்று கேட்கும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பாருங்கள். பிறந்த தேதியிலும் இதே ஒழுக்கம் வேண்டும். தீபகற்ப மலேசியா இந்த 8 மணி நேர வித்தியாசத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் ஏழரை மணி நேரம். பழைய பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு சேர்த்து, 8 மணிக் கணக்கில் சேமித்து, பழைய விதி தெரிந்த பிரவுசரில் திறந்தால் முந்தின நாள் இரவு 11:30 என்று வந்து நிற்கும். ஆளுக்கு வயது ஒரு நாள் கூடிவிடும்.

அடுத்து பெயர். நம்மவர் அடையாள அட்டையில் தன் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு இணைய முகவரியில் பாதை பிரிக்கும் குறி. தொழிலாளியின் பெயரை முகவரியில் வைத்துத் தேடும் மென்பொருள் மலாய்ப் பெயருக்கு வேலை செய்யும், சீனப் பெயருக்கு வேலை செய்யும், தமிழ்ப் பெயருக்கு மட்டும் 404 சொல்லும். சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி அனுப்பினாலும் அப்பாச்சி சர்வர் இயல்பாக அதை மறுத்துவிடும். பெயரைத் தேடல் அளவுருவில் அனுப்புங்கள், ஆளை அடையாளம் காட்ட எண்ணைப் பயன்படுத்துங்கள். அந்த எண்ணும் எழுத்துச்சரமாகவே பயணிக்க வேண்டும். 12 இலக்க அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். எண்ணாக மாற்றினால் அந்தச் சுழியம் போய்விடும், சேமநிதிக் கணக்கோடு பொருந்தாது.

சம்பளத் தொகையைச் சென்னில் முழு எண்ணாக அனுப்புவது நல்லது. பெயர்களைத் தமிழிலும் வைக்க விரும்பினால் மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4. இவற்றுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

லாகின் விஷயம் கொஞ்சம் பெரியது. லாராவெல்லின் இயல்பான செஷன் ஆயுள் 120 நிமிடம். பெரட்டில் ஆறு மணிக்கு நுழைந்த மண்டோர், நெட்வொர்க் இல்லாத புளோக்கில் இருந்துவிட்டு பத்தரை மணிக்கு மேட்டுக்கு வந்து அனுப்பினால் 419 வரும். சில சர்வர்கள் இன்னும் மோசம்: லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, 200 என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லும். ஆக்சியோஸ் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். கையில் இருப்பதோ ஒரு எச்டிஎம்எல் பக்கம். அந்த 200ஐ நம்பி பதிவை நீக்கினால் அந்தக் காலையின் கணக்கு போயிற்று. நிலை எண்ணை மட்டும் நம்பாதீர்கள், பதிலுக்குள் உங்கள் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டவேலை போன்களுக்குச் செஷனை விட டோக்கன் முறை ஏற்றது.

கடைசியாக, திரையில் மண்டோர் படிக்கும் வாசகம். ‘நெட்வொர்க் எரர்’ என்று சிவப்பில் காட்டினால் அவர் பயந்து எல்லாவற்றையும் மறுபடி அடிப்பார். ‘லைன் இல்லை, 14 பதிவு போனில் பத்திரமாக இருக்கிறது’ என்று காட்டினால் அடுத்த வரிசைக்கு நடப்பார். மறுப்பு வந்தால் எந்த புளோக், யாருடைய எண், என்ன காரணம் என்று அவர் மொழியில் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கு மென்பொருள் எழுதப் போகும் தம்பி, தங்கைகளே, ஒப்படைக்கும் முன் ஒருநாள் பெரட்டுக்குப் போய், விடியும் முன் பதிவு செய்து பாருங்கள். அனுப்பும்போதே போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஏ/பி உள்ள ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு கிராணியிடம் அமர்ந்து, ஒரு மாதச் செக்ரோலை மண்டோரின் சிட்டுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு குலை கூடவோ குறையவோ இருந்தால் அன்று ஒப்படைக்காதீர்கள்.