சுருளை அளந்து பார்

அன்புள்ள மாப்பிள்ளை சீனிவாசனுக்கு,

ராஜபாளையத்து லேத் பட்டறைக்குத் தினமும் போய்வருகிறாய். டிப்ளமோவில் படித்த சூத்திரம் எதற்கும் அங்கே வேலையில்லை என்று எழுதியிருந்தாய். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய ஊர் அது. மில்லுக்கு ஷாஃப்ட் கடைந்து பழகிய மேஸ்திரிக்குக் கையே ஸ்பீடு சொல்லும். பழகாத உலோகமோ புது டூலோ வந்தால்தான் கணக்கு தேவைப்படும்.

அமெரிக்காவில் டெய்லர் 26 ஆண்டுகள் இரும்பைக் கடைந்து பார்த்து, 1907-இல் டூல் ஆயுள் விதியை வெளியிட்டார். அதன் அடுக்கெண் கார்பைடுக்குச் சுமார் 0.25. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் பாதியாகிவிடும். ஹைஸ்பீடு டூலுக்கு அடுக்கெண் சுமார் 0.125, அதே கூடுதலில் ஆயுள் கால்வாசிக்கும் கீழே போகும். ஆனால் ஒவ்வொரு உலோகத்துக்கும் கடைந்து பார்த்துத்தான் இந்த எண்களைப் பெற முடியும்.

உலோகம் எப்படி வெட்டுப்படுகிறது என்பதிலிருந்தே கணிக்க முயன்றவர் மெர்ச்சன்ட். டூல் முனைக்கு முன்னால் உலோகம் ஒரு சாய்ந்த தளத்தில் நழுவிச் சுருளாகிறது. அந்தச் சாய்வுதான் ஷியர் கோணம். அது குறைந்தால் சுருள் தடிக்கும், விசை ஏறும்.

நீயே கணக்குப் போடு. ரேக் கோணம் 0, ஃபீட் 0.2 மி.மீ., டூலின் வெட்டுமுனை ஜாபின் அச்சுக்குச் செங்குத்து. சுருளின் தடிமன் 0.5 மி.மீ. இருந்தால் விகிதம் 0.4, ஷியர் கோணம் ஏறக்குறைய 22 டிகிரி. உராய்வுக் கோணம் 35 டிகிரி என்று வை. 1945-இல் மெர்ச்சன்ட் தந்த சூத்திரம் 27.5 டிகிரி என்னும். 1951-இல் லீ, ஷாஃபர் தந்தது 10 டிகிரி என்னும். சுருள் சொல்வது இரண்டுக்கும் நடுவில்.

ஏன் இந்த வித்தியாசம்? சூடு ஏறும்போது உலோகம் இளகும். வேகமாக நசுங்கும்போது இறுகும். அந்த இரண்டு சூத்திரமும் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆக்ஸ்லி அவற்றையும் சேர்த்து வளர்த்த கோட்பாட்டை 1989-இல் புத்தகமாக்கினார். கணக்கு நீளம், உலோகத்தின் குணங்களும் கைவசம் வேண்டும்.

உன் பட்டறைக்கு மெர்ச்சன்ட் போதும். எண் பிசகினாலும் திசை பிசகாது: ரேக்கைக் கூட்டினாலும் உராய்வைக் குறைத்தாலும் விசை இறங்கும். அடுத்த ஜாபுக்கு ரேக்கை மாற்றும்போது, சுருள் எவ்வளவு மெலியும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு மெஷினை ஓட்டு. பிறகு மைக்ரோமீட்டரால் அளந்து, இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா