நெட் வரலையா? ‘டிஃபால்ட்’ வரியைப் பாரு!

வைஃபை சிக்னல் முழுசா காட்டுது, பிரவுசர்ல மட்டும் ஒரு பக்கமும் திறக்கலையா? உடனே லினக்ஸை அழிச்சுட்டுப் புதுசா போடக் கிளம்பிடாதே தம்பி. டெர்மினலைத் திறந்து ‘ஐபி ரூட்’னு கமாண்ட் கொடு. வர்றதுல ‘டிஃபால்ட்’னு தொடங்குற வரியைத் தேடு. வெளியில போற டிராஃபிக் அந்த வரியில இருக்கிற கேட்வே வழியாத்தான் போகும். வீட்டுல அது பெரும்பாலும் ரவுட்டரோட முகவரி, 192.168.1.1 மாதிரி.

அந்த வரியே இல்லைன்னா ‘ஐபி அட்ரஸ்’ கொடுத்துப் பாரு. 169.254-ல தொடங்குற எண் மட்டும் இருந்தா, ரவுட்டர் உனக்கு முகவரியே தரலை. வைஃபையைத் துண்டிச்சு மறுபடி சேர். முகவரியை நீயே கையால போட்டிருந்தா, கேட்வே கட்டம் காலியா இருக்கான்னு பாரு.

நிறைய பேரைச் சுத்தல்ல விடுறது வேற ஒண்ணு: டிஃபால்ட் வரி ரெண்டு இருக்கும். லேன் கேபிளும் செருகியிருக்கும், வைஃபையும் ஓடும். ரெண்டு வரியிலயும் ‘மெட்ரிக்’னு ஒரு எண் இருக்கும் பாரு, அதுல சின்ன எண்ணுக்குத்தான் முதல் உரிமை. நெட்வொர்க் மேனேஜர் வழக்கமா கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 போடும். அந்தக் கேபிள் வெறும் சிசிடிவி பெட்டிக்குப் போறதா இருந்தாலும் சரி, எல்லாம் அந்தப் பக்கமே போய் முட்டி நிக்கும். சில லினக்ஸ்ல அந்தக் கேபிள்ல நெட் இல்லைன்னு நெட்வொர்க் மேனேஜரே கண்டுபிடிச்சு, அதோட மெட்ரிக்ல 20000 கூட்டிப் பின்னால தள்ளிடும். எல்லாத்துலயும் அதை நம்ப முடியாது. கேபிளைக் கழட்டிப் பாரு, நெட் வந்துட்டா காரணம் அதான். அப்புறம் அந்த இணைப்போட ஐபிவி4 செட்டிங்ஸ்ல, அதோட சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்ற கட்டத்தை டிக் பண்ணிடு.

வழி சரியா இருந்தும் நெட் வரலைன்னா கேட்வேயை பிங் பண்ணு, அடுத்து 8.8.8.8, கடைசியா ஒரு தளத்தோட பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரலைன்னா கோளாறு டிஎன்எஸ்ல. கேட்வேயை நோண்டாதே.

‘ஐபி ரூட் ஆட்’ கொடுத்துச் சேர்க்கிற வழி ரீஸ்டார்ட் பண்ணினா போயிடும். நிலைக்கணும்னா செட்டிங்ஸ்லயே மாத்து. எங்கேயோ இருக்கிற சர்வர்ல எஸ்எஸ்எச் வழியா நுழைஞ்சு டிஃபால்ட் வரியை மட்டும் அழிச்சுடாதே. உன் இணைப்பே அறுந்துடும். அந்த மெஷின் பக்கத்துல ஆள் இருக்கிறப்போ மட்டும் அதுல கை வை.