அளவான உணவும் அன்றாட நடையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது ஆன்றோர் வாக்கு. ஆலயத்தை வலம் வருவதற்கும், தேர்வடம் பிடிப்பதற்கும், காவடி எடுப்பதற்கும் உடல் உறுதி வேண்டும். திருக்குறளின் 95 ஆவது அதிகாரமாகிய ‘மருந்து’, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதை வலியுறுத்துகின்றது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோக நெறியை விரித்துரைக்கின்றது. உணவும் பயிற்சியும் சைவத் தமிழருக்குப் புதியன அல்ல.

திகன, ராஜவல, தெல்தெனிய பகுதிகளில் வாழும் தமிழர் பலரின் முன்னோர் தோட்டத் தொழிலாளர்கள். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறி இறங்கியவர்கள். கோதுமைமா ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேநீரும் அக்கடும் உழைப்புக்கு ஈடுகொடுத்தன. இன்று அவர்களது பிள்ளைகளிற் பலர் கடையிலும் காரியாலயத்திலும் அமர்ந்தபடி பணிபுரிகின்றனர். கண்டிக்கு பஸ்ஸிலும் சந்திக்கு முச்சக்கர வண்டியிலும் செல்கின்றனர். உழைப்பு மாறிவிட்டது, உணவு மாறவில்லை. போதாக்குறைக்கு மாலையில் பணிஸும் இரவில் கொத்துரொட்டியும் சேர்ந்துகொண்டன. வரவு கூடிச் செலவு குறைந்தால் கையில் பணம் சேரும். உடலிலோ கொழுப்புச் சேரும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியன அதன் பின்னே வருகின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரண்டு தேக்கரண்டி சீனி இட்ட தேநீரை ஒருவர் நாளொன்றுக்கு ஆறு முறை அருந்தினால், சுமார் 60 கிராம் சீனி உடலிற் சேர்கின்றது. இது ஏறக்குறைய 240 கலோரி. 60 கிலோ நிறையுடைய ஒருவர் இதனைச் செலவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஆகவே, வாயைக் கட்டாமல் காலை மட்டும் நம்புவதால் பயன் குறைவு. மறுபுறம், பட்டினி கிடந்து மட்டும் மெலிபவர் கொழுப்புடன் தசையையும் இழக்கின்றார். தசை குன்றினால் முதுமையில் படியேறுவதே பாடாகிவிடும்.

இவ்விரண்டையும் இணைத்தால் என்ன பயன் என்பதைச் சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு காட்டியது. 2006 ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்குபற்றினர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 வீதமானோர் நீரிழிவுக்கு ஆளாகினர். சீனியையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நாள்தோறும் 30 நிமிடம் விறுவிறுப்பாக நடக்குமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது சுமார் 39 வீதமே. உடல் நிறை பெரிதாகக் குறையாமலே இந்நன்மை கிடைத்தமை கவனிக்கத்தக்கது. தராசு முள் அசையவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்துவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இலக்கு எதுவாக இருக்கலாம்? இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருத்தல் நலம். உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியையும், இரு நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கின்றது. இதற்குப் பணச் செலவில்லை. வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் நடந்தால் 150 நிமிடம் நிறைவேறும். நாற்காலியில் அமர்ந்து எழுவதும், வீட்டுத்தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பதும் தசைக்கு வலுவூட்டும். உணவுத் தட்டில் பாதியை வல்லாரை, முருங்கையிலை, போஞ்சி போன்ற இலைக்கறி, மரக்கறிகளால் நிரப்பி, கால் பங்கைச் சோற்றுக்கும் மறு கால் பங்கைப் பருப்பு, பயறு, கடலை வகைகளுக்கும் ஒதுக்கலாம். தேநீரில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவர, நாக்கும் பழகிவிடும்.

விரதகாலத்திலும் அளவு வேண்டும். பகல் முழுவதும் உபவாசமிருந்து, இரவில் வடையும் பாயசமுமாக வயிறு முட்ட உண்பது உடலுக்கு நன்மை தராது. இன்சுலின் ஏற்றுவோரும், நீரிழிவு மாத்திரை உட்கொள்வோரும் கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம். மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தானது. நடக்கும்போது நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி வைத்தியசாலையை நாட வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரம்பிக்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்களில், 35 வயதைத் தாண்டியோர் இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், நிறை என்பவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். நோய் முற்றியபின் கிளினிக் வரிசையில் நிற்பதைவிட, நோய் வருமுன் ஒருநாள் அங்கு சென்று வருவது மேலானது.

முன்னோர் உழைப்பால் உரமேறிய உடலோடு ஆலயங்களை எழுப்பினர். அவர்தம் சந்ததியினர் அளவாக உண்டு, அன்றாடம் நடந்து, பேரப்பிள்ளைகளின் கைபிடித்து ஆலயத்தை வலம்வர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.