தொட்டியில் பெருகும், ஏரியில் அருகும் ஆக்ஸலோட்டல்

மாணவர்களே, வண்ணமீன் கடையில் தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களோடு, சிரித்த முகமாக இருக்கும் பிராணியைப் பார்த்திருக்கிறீர்களா? அது மீன் அன்று. ஆக்ஸலோட்டல் எனும் சாலமாண்டர். தவளைக்கு உறவு. மலேசியக் காடுகளில் சாலமாண்டர் கிடையாது. இதன் தாயகம் மெக்சிகோ நகரின் சொச்சிமில்கோ நீர்நிலை.

தலைப்பிரட்டை தவளையாகும்போது செவுளை இழக்கிறது. ஆக்ஸலோட்டலுக்கோ அந்த உருமாற்றத்தைத் தூண்டும் தைராய்டு சுரப்பு போதுவதில்லை. ஆகவே, அது இளம் உருவிலேயே முட்டையிட்டு, ஆயுள் முழுதும் நீரில் வாழ்கிறது. கால் துண்டானால் எலும்பு, தசை, நரம்போடு புதுக்கால் முளைக்கும். விஞ்ஞானிகள் அதை விரும்பி ஆராய்வது இதனால்தான்.

சொச்சிமில்கோவில் 1998இல் சதுரக் கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014இல் சுமார் 36 மட்டுமே. கழிவுநீர் ஒரு காரணம். உணவுக்காக விடப்பட்ட திலாப்பியாவும் கெண்டையும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது மற்றொன்று. நம் ஆறுகளிலும் திலாப்பியா வந்தேறிதான்!

தொட்டியில் வளர்பவற்றை அங்கே விட்டால் என்ன? நீர் தூய்மையாகாவிட்டால் அவையும் மடியும்.

வாங்க ஆசையா? இதற்கு 20 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர்நீர் வேண்டும். நம் வெயிலில் சாதாரணத் தொட்டி அதற்குக் கொதிநீர். சலித்துப்போனால் எந்த வளர்ப்புப் பிராணியையும் கால்வாயில் விடாதீர்கள். சொச்சிமில்கோ நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.