கியர் மாறாத கார்: சத்தம் கேட்டால் பழுதா?

"ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் எகிறுகிறது. ஆனால் வேகம் மெதுவாகத்தான் ஏறுகிறது. ஏதாவது பழுதா?" புதிதாக சி.வி.டி. கார் வாங்கிய பலர் கேட்கும் கேள்வி இது. கம்ப்யூட்டர் இதழில் கார் எதற்கு என்று நினைக்காதீர்கள். இந்தக் கியர்பாக்ஸை இயக்குவதே ஒரு கம்ப்யூட்டர்தான். அது எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்தால் வீண் பயமும் வராது, உண்மையான பழுதும் தப்பாது.

சி.வி.டி. என்றால் என்ன?

பழைய மின்விசிறி ரெகுலேட்டரில் 1 முதல் 5 வரை படிகள் இருக்கும். சாதாரண கியர்பாக்ஸ் அது போன்றது. உங்கள் கம்ப்யூட்டரில் வால்யூம் கன்ட்ரோலை மவுஸால் இழுத்துப் பாருங்கள். ஒலி சீராக ஏறும். சி.வி.டி. இந்த வகை.

இதில் இரண்டு புல்லிகளும் நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட்டும் இருக்கும். ஒரு புல்லியின் இரு பாதிகளும் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். மற்றதில் உள்ளே இறங்கும். இதனால் கியர் விகிதம் பல கார்களில் சுமார் 2.5-லிருந்து 0.4 வரை தடையின்றி மாறுகிறது.

1958-ல் நெதர்லாந்தில் வெளிவந்த டாஃப் 600 காரில் இது ரப்பர் பெல்ட்டுடன் வந்தது. நம் ஊர் ஹோண்டா ஆக்டிவா ஸ்கூட்டரிலும் இதே தத்துவம்தான். அதில் சுழற்சி விசையால் நகரும் உருளைகள் புல்லியை நெருக்குகின்றன. காரில் அந்த வேலையை ஆயில் அழுத்தத்தின் மூலம் கம்ப்யூட்டர் செய்கிறது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

புரோகிராம் எழுதுபவர்களின் மொழியில் இது ஒரு லூப். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது, கார் வேகம் என்ன, என்ஜின் சுற்று என்ன என்பவற்றைப் படித்து, விகிதத்தை மாற்றி, மீண்டும் படிக்கிறது.

இவை இயல்பானவை

* பலமாக அழுத்தினால் என்ஜின் சுற்று 4000, 5000 என்று ஏறி அங்கேயே நிற்கும். கார் வேகம் பின்னால் ஏறி வரும். அதிக சக்தி கிடைக்கும் சுற்றை கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறது.
* சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது சுற்று வெகுவாகக் குறையும். இதனால் பெட்ரோல் மிச்சம்.
* இறக்கத்தில் 'எல்' நிலைக்கு மாற்றினால் சுற்று ஏறும். என்ஜினே பிரேக் போல உதவுகிறது.
* சில கார்களில் கியர் மாறுவது போன்ற உணர்வு வரும். அது புரோகிராம் செய்த நடிப்பு.

இவை இயல்பல்ல

* கிளம்பும்போது கார் நடுங்குவது
* 'டி' போட்டும் சில நொடிகள் நகராமல் நிற்பது
* கருகல் வாடை
* நாளுக்கு நாள் பெரிதாகும் ஊளைச் சத்தம்
* எச்சரிக்கை விளக்கு

சோதித்துப் பாருங்கள்

காலியான சமதளச் சாலையில், பக்கத்தில் இருப்பவரை இரண்டு மீட்டர்களையும் கவனிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் அழுத்தியபடி ஓட்டுங்கள். சுற்று நிலையாக நின்று வேகம் ஏறினால் கவலை வேண்டாம். சுற்று திடீரென எகிறி, வேகம் ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ பெல்ட் நழுவலாம். உடனே சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றும்போதும் கவனம் தேவை. கையேட்டில் குறிப்பிட்ட சி.வி.டி. ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இதற்குப் பொருந்தாது.